ஒத்தாசைக்கு வந்தவன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இறைவன் அருளால் நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: பிரார்த்தனைக் குழுத் தலைவி, கல்லூரி ஆசிரியை, ரொட்டிக்கடை அக்கா தங்கை இருவர், தையல்காரம்மா, வங்கிக்காரர் மனைவி, என் மகள், நான். எட்டுப் பேர் என்று கணக்கில் எழுதி, எட்டு டம்ளர் தேநீருக்குத்தான் பால் அளந்தேன். வாசலில் நீ இருந்தாய். உன்னை எழுதவில்லை.

எங்கள் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். யார் வீட்டில் கூடுகிறோமோ அவர், வந்தவர்களின் செருப்பைத் துடைத்து வரிசையாக வைக்க வேண்டும். மனதில் பணிவு வரட்டும் என்றுதான். மற்றவர்கள் ஒப்புக்கு ஒரு தட்டு தட்டுவார்கள். நான் செருப்பு வாரின் இடுக்கில் இருக்கும் மண்ணையும் எடுப்பேன். "இவங்கள மாதிரி வருமா?" என்று தலைவி சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அன்று நீ ஆஸ்பத்திரி வேலை முடிந்து, அதே நீலச் சீருடையோடு பஸ் ஏறி வந்திருந்தாய். நான் குனிந்து துடைப்பதைப் பார்த்து, "முட்டி வலிய வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்குக்கா இது? தள்ளு. தினம் வார்டையே துடைக்கிறவன், நாலு செருப்பு துடைக்க மாட்டேனா?" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டாய். அப்போதுதான் தலைவி படியேறி வந்தார். "பரவாயில்லையே, ஆள் வெச்சுட்டீங்களா?" என்றார்.

"ஒத்தாசைக்கு வந்திருக்கான்" என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் பொய். யோசித்தேன். உன் சீருடையைப் பார்த்தேன், அவர் புடவையைப் பார்த்தேன். அப்புறம்தான் சொன்னேன்.

அன்றைய பேச்சு என்ன என்று உன் காதிலும் விழுந்திருக்கும். ஆங்கிலத்தில் 'ஹம்பிள்' என்ற சொல்லுக்கு ஆசிரியை பொருள் சொன்னார். கர்வமில்லாத மனசு ஒன்று. அந்தஸ்தில் தாழ்ந்தவர் என்பது இன்னொன்று. ஒருவரைத் தலைகுனிய வைப்பதற்கும் அதே சொல்தானாம். முதல் பொருளைச் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவதைச் சொன்னபோது ரொட்டிக்கடைத் தங்கை வாசல் பக்கம் திரும்பினாள். மூன்றாவதற்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு நீ தேநீர்த் தட்டோடு வந்தாய். "இன்னும் ஏதாவது வேணுமாம்மா?" என்று என்னைக் கேட்டாய். அக்கா என்று வரவேண்டிய வாயை எனக்காக மாற்றிக்கொண்டாய். மாமா என்று கூப்பிடப் போன என் மகள், என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். அவளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

கிளம்பும்போது, "சம்பளம் மாசக் கடைசியிலயாக்கா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேனே, பாவி. பாத்திரம் கழுவ உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: எட்டு டம்ளர்தான் இருந்தது. நீ ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் போயிருக்கிறாய்.

போன வாரம் தையல்காரம்மா வீட்டில் கூடியபோது எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன், அவன் என் கூடப்பிறந்தவன் என்று. காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். தலைவி கண் கலங்கி, "இத ஒத்துக்கவும் எவ்வளவு பணிவு வேணும்!" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். உன்னை இறக்கியதிலும் எனக்கே நல்ல பேர். அதற்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"மாமா இனிமே வருவாராம்மா?" என்று மகள் தினமும் கேட்கிறாள். என்ன சொல்ல?

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு மறுபடி நம் வீட்டு முறை. வா. சீருடையோடு வந்தாலும் சரி. துணியை மட்டும் தொடாதே. கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார். ஒன்பது பேருக்குப் பால் சொல்லிவைக்கிறேன்.

இறைவன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். எனக்காக அவரிடம் எதுவும் கேட்காதே, நானே கேட்டுக்கொள்கிறேன்.

வருவாயா மாட்டாயா என்று இரண்டு வரி போதும். அக்கா என்று தொடங்கி எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா