எக்கோ வைத்த சாட்சி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வார்த்தைக்கு வந்ததும் கை ஓடவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

உன் அம்மா தனக்கு வலிப்பு சுகமாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொன்னாளே, நீகூடப் போனில் அழுதாயே, அன்று அவளைச் சாட்சி சொல்ல எழுப்பிவிட்டது நான்தான். ஆறு மாதமாக வலிப்பு வராதது மாத்திரையால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போதகர் யாருக்காவது சாட்சி உண்டா என்று கேட்டதும், மைக் செட் போடுகிற என் வீட்டிலிருந்தும் ஒன்று வரட்டுமே என்று ஒரு பெருமை. அவளுடைய சின்னக் குரலுக்கு எக்கோ வேறு ஏற்றிவிட்டேன். சபையே கை தட்டியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அவள் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டாள். ஆண்டவர் முன்னாடி சுகம்னு சொல்லிட்டு மாத்திரை போட்டா அது பொய் இல்லையாங்க என்று என்னைக் கேட்கிறாள். நாற்பது நாளாக நம் ரேடியோக் கடையிலேயே மாத்திரையைப் பொடித்து எடுத்துவந்து, காலையும் மாலையும் காப்பியில் கலந்து கொடுக்கிறேன். அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன் காப்பி போடறாரு, இதுவும் அற்புதம்தான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். கசக்குதே என்றால் தூள் கூடிப்போச்சு என்று சமாளிக்கிறேன்.

இப்போது விஷயம் கைமீறிவிட்டது மகளே. நம் தெருவில் துணி தேய்க்கிறவளின் மகளுக்கும் வலிப்பு, பன்னிரண்டு வயதுதான். உன் அம்மா அங்கே போய், நான் ஒரு மாத்திரை தொடலை, என்னைப் பாரு என்று சொல்லியிருக்கிறாள். நேற்றோடு அவர்களும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு ஆராதனையில் அந்தப் பிள்ளையைச் சாட்சி சொல்ல வைக்கிறார்களாம், எக்கோ நல்லா வைங்க என்று உன் அம்மா என்னிடமே சொல்கிறாள். அந்தப் பிள்ளைக்கு யார் காப்பியில் கலந்து கொடுப்பார்கள்? முழங்கால் போட்டால் மைக்கில் கேட்ட ஜெபங்கள்தான் வாயில் வருகின்றன, என்னுடையது என்று ஒரு வரி வரவில்லை. சபை காறித் துப்பட்டும், அதுகூடப் பரவாயில்லை. உன் அம்மாவின் விசுவாசத்தை என் கையாலேயே உடைக்க வேண்டுமே, அதுதான் பயமாக இருக்கிறது. நீயாவது எங்களுக்காக ஜெபம் பண்ணு.

பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் தேதியைத் தவறவிடாதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலக் காப்பியைக் கையில் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் துணி தேய்க்கிறவள் வீட்டுக்குக் கிளம்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று, நாளைக்கு நானே மைக்ல பேசறேன், எக்கோவை எடுத்துடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.