உன் பொம்மைக்குள் நான் புகுந்த கதை

என் அக்கா பெற்ற ராஜாத்திக்கு,

ஈ எறும்புகூட நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

நேற்று உன் வீட்டுக்கு வந்தபோது, நீ குளிக்கப் போனதும், நீயும் மாப்பிள்ளையும் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் உலகத்துக்குள் போய் விளையாடும் கண்ணாடிகளில் உன்னுடையதை எடுத்து மாட்டினேன். உடனே நான் நீயாகிவிட்டேன்! உன் பொம்மை உடம்பு, உன் பின்னல். வாசலில் நின்ற டிராகனை வாலைப் பிடித்துச் சுழற்றி நிலாவுக்கு எறிந்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் பொம்மை வந்தது. அவர் வெளியூரில் இருந்தே உள்ளே நுழைந்திருக்கிறார். என்னை நீ என்று நினைத்துப் பின்னலைப் பிடித்துச் சுவரில் மோதினார். கத்தினேன், அந்த உலகத்தில் சத்தமே வரவில்லை. உன் குரலை அவர் பூட்டி வைத்திருக்கிறார்.

"யாரைக் கேட்டுடி உள்ள வந்த? போய் மூலையில நில்லு!" என்று அதட்டினார்.

நான் சிங்கமாகப் பாய்ந்து அவரைக் கடலில் வீசினேன்.

என் கூச்சல் கேட்டு நீ ஓடி வந்தாய். நான் கேட்கும் முன்பே, "அது சும்மா விளையாட்டு மாமா" என்றாய்.

என் வக்கீல் நண்பனைக் கேட்டேன். "பொம்மையை அடிச்சதுக்குச் சட்டத்தைத் தேடணும்டா. ஆனா மிரட்டினது பொண்ணைத்தானே? அவ வாயால சொல்லட்டும், நான் புகார் எழுதுறேன்" என்றான்.

அதனால்தான் இதை மாப்பிள்ளை கண்ணில் படாமல் உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன். என் வீட்டு மாடி அறையை உனக்காகக் கூட்டி வைத்திருக்கிறேன்.

டிராகன் பொய். சிங்கமும் பொய். மற்றதெல்லாம் நிஜம். சிங்கம் பாய்ந்ததாகச் சொன்ன இடத்தில் உண்மையில் நடந்தது ரொம்பச் சின்ன விஷயம்: அவர் சொன்னதும், யாருக்கும் அடங்காத நான் பேசாமல் போய் மூலையில் நின்றேன்.

உன் வாயாடி மாமா