பதினாறாம் நாள் நான் ஆடப் போனேன், அத்தை

என் பாசத்துக்குரிய அத்தை,

நேற்று மதியம் பட்டியல் வந்துவிட்டது. பன்னிரண்டு பேர். அதில் பதினோராவது பெயர் என்னுடையது. அடுத்த மாதம் நடக்கப்போகிற ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டிக்கு இந்திய அணியோடு உங்கள் மருமகளும் போகிறாள்.

முதலில் உங்கள் மகனுக்குத்தான் ஃபோன் செய்தேன். அவர் வேலை பார்க்கிற ஷூ கம்பெனியின் மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், “அம்மா இருந்திருந்தா இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பாங்க” என்றார். அதோடு ஃபோனை வைத்துவிட்டோம்.

பெங்களூரில் பயிற்சி முகாம் விடுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலைப் பயிற்சி முடிந்துவிட்டது, சாயங்காலப் பயிற்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அறையில் என்னோடு இருக்கும் பெண் காலில் ஐஸ் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திருப்பிச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆம்பூரில் முப்பது வருஷம் ஷூவுக்கு மேல்பாகம் தைத்தவர். மாமா சீக்கிரமே போய்விட்டதால் உங்கள் மகள் வசந்தா அண்ணியையும் என் வீட்டுக்காரரையும் அந்தச் சம்பளத்திலேயே வளர்த்தீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மாநில அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் இரண்டு முறை இந்திய முகாமுக்குப் போய், இரண்டு முறையும் கடைசிப் பட்டியலில் பெயர் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

முதல் வருஷம் நமக்குள் ஒத்துப்போகவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? வாசல் கொடியில் நான் காயப்போட்ட விளையாட்டு டிரவுசரை எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டீர்கள். “நாலு பேரு போற வழிம்மா” என்றீர்கள். நான் திரும்ப எடுத்து வந்து வாசலிலேயே போட்டேன். இரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மழை வந்தபோது ஓடிப்போய் அதை எடுத்து மடித்து வைத்தது நீங்கள்தான். அதைப் பற்றி அப்புறம் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

யாழினி பிறந்ததும் நான் ஆட்டத்தை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. உடம்பு கனத்துப்போயிருந்தது, ராத்திரித் தூக்கம் கிடையாது, நான் வேலை பார்க்கிற வேலூர் ஆபீசுக்குப் போய் வரவே நேரம் சரியாக இருந்தது. இரண்டு வருஷம் பந்தைத் தொடவில்லை. முடிந்த கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். நான் ஃபோனைச் சொம்பில் சாய்த்து வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா அப்படிப் பாக்கற?”

“இந்தியா டீம் ஆடுது அத்தே.”

“அந்தக் குட்ட முடி வச்ச பொண்ணு நல்லா ஆடுதா?”

“ம். அது எனக்கு ஜூனியரு.”

“உன்னவிட ஜாஸ்தியா ஆடுமா?”

“இல்ல” என்றேன். யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

நீங்கள் கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டீர்கள். “அப்புறம் நீ ஏம்மா இங்க குந்திக்கினு இத உரிச்சிக்கினு இருக்க?”

மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, “போ. ஓடிட்டு வா” என்றீர்கள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பால் பாத்திரத்தைக் கழுவச் சொல்வதுபோலத்தான் சொன்னீர்கள். முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று சுற்று ஓடுவதற்குள் வாந்தி எடுத்தேன்.

அப்போது நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். ஞாயிறுதோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வேலூர் மைதானத்துக்கு வந்தீர்கள். என் ஷூவை வாங்கி உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்து, “இது இன்னா தையலு? எங்க லைன்ல இந்த மாதிரி வந்தா திருப்பி அனுப்பிடுவோம்” என்று கோச் காதில் விழும்படி சொன்னீர்கள். ஐந்து தவறு செய்தால் வெளியே போக வேண்டும் என்று நான் சொன்னதும், “அஞ்சு வரைக்கும் உடறாங்களா? பரவால்லியே” என்றீர்கள். ஓட்டத் தேர்வில் நான் கடைசியாக வந்து அழுதபோது நீங்கள் தேற்றவில்லை. “அழுவறதுன்னா வீட்டுலயே அழுதிருக்கலாமே, இவ்ளோ தூரம் எதுக்கு வந்தோம்?” என்றுதான் கேட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு எழுந்து இன்னொரு முறை ஓடினேன்.

அப்படி இரண்டு வருஷம். மறுபடி மாநில அணி. மறுபடி இந்தியத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள் என்ற பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை குழாயடியில் நீங்கள் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். வலது கை அசையவில்லை, பேச்சு வரவில்லை. உங்கள் பக்கத்தில் அதிக நேரம் இருந்தது நான்தான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என்ன நினைத்துப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது அத்தை. இன்றைக்கும் தெரியாது.

நீங்கள் போய் ஒன்பதாம் நாள் தேர்வுக்கான செய்தி ஃபோனில் வந்தது. சென்னையில், காலை பத்து மணிக்கு. தேதியை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அது உங்கள் பதினாறாம் நாள் காரியம்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மதியம், காரியத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது சொல்லிவிட்டேன். வசந்தா அண்ணி முதலில் புரியாததுபோலப் பார்த்தார்.

“அன்னிக்கி எங்க போற?”

“செலக்‌ஷனுக்கு அண்ணி. சென்னைக்கு.”

“எங்கம்மா காரியத்தன்னிக்கா? ஒரே மருமக நீ. படையல் போட வேண்டியவ நீ. பந்து ஆடப் போறேங்கற?”

அண்ணி அழ ஆரம்பித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“ஆஸ்பத்திரில நீதானே கூட இருந்த? நாங்க யாரும் இல்லாத நேரத்துல அம்மாவுக்குப் பேச்சு வந்து ஏதாவது சொன்னாங்களா? போயிட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சொல்லு. நான் வாயே தொறக்கல.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும். மறுக்க யாரும் இல்லை. அண்ணிக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். என்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது, அத்தை. பொய் சொல்லக் கூடாது என்ற பெரிய நியாயமெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. பேச முடியாமல் கிடந்த உங்கள் வாயில் எனக்குத் தோதான ஒரு வார்த்தையை நானே எடுத்து வைப்பதா என்றுதான் இருந்தது.

“இல்ல அண்ணி. அத்தை ஒண்ணும் சொல்லல. அவங்களால பேசவே முடியல. போவணும்னு நான்தான் சொல்றேன்.”

உங்கள் மகன் தரையைப் பார்த்தபடியே, “காரியத்த நான் பாத்துக்கறேன். அவ போய்ட்டு வரட்டும்” என்றார். அண்ணி எழுந்துகொண்டார். “போ. ஆனா என் மூஞ்சில இனிமே முழிக்காத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பதினாறாம் நாள் விடியற்காலை குளித்து, உங்கள் படத்துக்கு முன்னால் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘வர்றேன் அத்தே’ என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

அங்கே அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முப்பத்தொரு வயதில் இருந்தது நான் ஒருத்திதான். நன்றாக ஆடினேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு எறிதலும் வளையத்தில் பட்டு வெளியே போயின. மூன்றாவதாக நான் கொடுத்த பந்து நேரே எதிரணிப் பெண்ணின் கைக்குப் போனது. இந்நேரம் இலை போட்டிருப்பார்கள், யாழினி ‘அம்மா எங்க’ என்று கேட்டிருப்பாள் என்றே மனசு போய்க்கொண்டிருந்தது. தேர்வாளர்களில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “நல்லாத்தான் இருக்கேன் மேடம்” என்றேன். காரணம் சொன்னால் இரக்கப்படுவார்கள். அப்படி ஒரு இடம் கிடைத்தால், நான் அன்றைக்கு வீட்டைவிட்டு வந்ததற்கு அர்த்தமே இல்லை.

அடுத்த ஆட்டத்தில் ஆறடி உயரமுள்ள ஒரு பெண்ணைத் தடுக்க என்னை நிறுத்தினார்கள். இருபது வயதிருக்கும். அவள் முழு வேகத்தில் வளையத்தை நோக்கி வந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய்க் காலை ஊன்றி நின்றேன். நெஞ்சில் மோதினாள். இடுப்பு தரையில் அடிக்க விழுந்தேன். விசில் ஊதி, தவறு அவளுடையது என்றார்கள். விழுந்து கிடந்த அந்த ஒரு நொடியில் தலை தெளிந்துபோனது. வந்தாயிற்று. திரும்பப் போய் அந்தக் காலையை எடுத்துக்கொள்ள முடியாது. இனி ஆடுவது ஒன்றுதான் பாக்கி. எழுந்து ஆடினேன். எறிந்ததைவிட எடுத்துக் கொடுத்தது அதிகம். யார் எங்கே காலியாக நிற்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். உங்கள் மகன் எனக்குச் சோறு எடுத்து வைத்திருந்தார். சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து முகாமுக்கு அழைப்பு வந்தது. ஆறு வாரம், பெங்களூர். யாழினியை யார் பார்ப்பது? உங்கள் மகனுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். நீங்கள் இல்லாத வீடு என்றால் என்னவென்று அந்த வாரம்தான் எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது. முடியாது என்று எழுதி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை வசந்தா அண்ணி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே அலமாரியைத் திறந்து யாழினியின் துணியை ஒரு பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

“அண்ணி…”

“உனக்காக வரல. எங்கம்மா வளத்த கொழந்த இது. கண்டவங்க வீட்டுல உட முடியாது.” பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “காலைல பால் குடிக்குமா, இல்ல ராகிக் கஞ்சியா?”

“கஞ்சி அண்ணி.”

“வெல்லம் ஜாஸ்தியா கம்மியா?”

“கம்மியா.”

அவ்வளவுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறு வாரமாக யாழினி அங்கேதான் இருக்கிறாள். தினமும் ஃபோனில் பேசுகிறாள். அண்ணி ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் குரல் தூரத்தில்தான் கேட்கும்.

முகாம் கடினமாகத்தான் இருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்கள் காற்றாக ஓடுகிறார்கள். இரண்டாவது வாரம் கணுக்கால் பிசகி நான்கு நாள் ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருடைய ஆட்டத்தையும் நோட்டில் எழுதினேன். பட்டியல் வெளியிடுவதற்கு முன் இந்திய அணியின் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வெளிப்படையாகப் பேசினார். ஒரு மேட்சில் எனக்கு ஐந்தாறு நிமிடம்தான் கிடைக்கும், சில மேட்சில் அதுவும் கிடைக்காது. சின்னப் பெண்கள் பதறும்போது இறங்கி ஆட்டத்தை நிதானப்படுத்த வேண்டும், அதற்குத்தான் என்னை எடுக்கிறார்கள். சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன்.

முதல் ஆட்டமே நம்மைவிடப் பல படி மேலே இருக்கிற அணியோடு. பயம் இருக்கிறது. ஆனால் பயந்து நிற்கிற ஆளாக நான் அங்கே போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று காலை உங்கள் மகன் சொன்னார். அண்ணி வேலை செய்கிற கம்பெனியில் பெண்களெல்லாம் அவரைச் சூழ்ந்துகொண்டு, “உன் தம்பி பொண்டாட்டி இந்தியாவுக்கு ஆடுதாமே” என்று கேட்டார்களாம். “ஆமா, ஆடுது. எங்கம்மா காரியத்துக்குக்கூட நிக்காம போச்சு” என்றாராம் அண்ணி, ஒரே மூச்சில்.

இரண்டும் உண்மைதான் அத்தை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க என்னால் முடியாது. அண்ணிக்கும் முடியவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் போகச் சொல்லியிருப்பீர்களா? மொச்சை உரித்த அன்றைக்குப் பேசிய அத்தை நிச்சயம் சொல்லியிருப்பார். என் துணியைப் பின்பக்கம் கொண்டுபோன அத்தை? மூன்று நாள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்த அத்தை? கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

அதனால், உங்களுக்காக ஆடுகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன். போக வேண்டும் என்று முடிவு செய்தது நான். ஆடுவதும் நானாகவே இருக்கட்டும். கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட நடந்து கழிக்க மாட்டேன். இது முதல் வாக்கு.

இரண்டாவது வாக்கு ஆட்டத்தைவிடக் கஷ்டமானது. ஜெயித்தாலும் தோற்றாலும், ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நம் வீட்டுக்குப் போக மாட்டேன். பையோடு நேரே வசந்தா அண்ணி வீட்டுக்குப் போவேன். முகத்தில் முழிக்காதே என்று சொன்னவர் முன்னால் போய் நின்று, “அண்ணி, அன்னிக்கி நான் போனது உங்களுக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்னு தெரியும்” என்று சொல்வேன். போனதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன், வலித்ததற்காகக் கேட்பேன். கதவைத் திறக்கிறவரைக்கும் வாசலிலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மருமகள்,
வசந்தா அண்ணியின் தம்பி பொண்டாட்டி,
அமுதா