ஈரலுக்குள் ஒளியுமா?

கரவனெல்ல
14.05.2006

அன்பு விஜிக்கு,

உன் ஈரலில் கிருமி இருக்கிறது, குவைத்தில் விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். போகும்போது கொழும்பில் எடுத்த மெடிக்கலில் ஒன்றுமே இல்லையே. பொங்கலுக்கு லீவில் வந்தபோதும் நன்றாகத்தானே இருந்தாய். பிறகு யாரிடமிருந்து வந்தது?

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய போட்டோவில் காருக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டுகிறானே நீ வேலை செய்யும் வீட்டு டிரைவர் புவாட், அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. போனில் பேசினாலும் புவாட் நானா கொடுத்தார், புவாட் நானா கூட்டிப்போனார் என்ற பேச்சுத்தான்.

ரப்பர் ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் கன்னையாவிடம் கேட்டேன். "இது எயிட்ஸாத்தான்டா இருக்கும். அது ஈரலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குமாம், ரத்தத்துல காட்டாதாம்" என்கிறான். உண்மையை எழுது.

இப்படிக்கு,
உன் கணவன் ஸ்ரீதரன்


குவைத்
30.05.2006

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் அண்ணனாக நினைத்துக் கூப்பிடும் புவாட் நானாவுக்கு அறுபது வயது. பல்செட் சரியாக உட்காராததால்தான் அப்படிச் சிரிக்கிறார்.

கன்னையா அண்ணன் எப்போது டாக்டரானார்? கிளினிக்கில் ஸாஹிரா என்று நம் நாட்டுப் பேருவளை நர்ஸ் ஒருவர் இருக்கிறார். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். "எச்.ஐ.வி. முக்கியமா ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுவத்தான் தாக்கும். ஈரல் செல்லுக்குள்ளயும் போகலாம் எண்டு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. ஆனா ஈரல்ல ஒளிஞ்சு ரத்தப் பரிசோதனைய ஏமாத்தாது. ஒங்களுக்கு அது இல்ல. இது ஹெபடைட்டிஸ் பி, வேற கிருமி" என்றார். கணவரும் பார்க்கவேண்டுமாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

எனக்கு ஒரே அசதி. சாப்பாடு இறங்குவதில்லை.

அன்புடன்,
விஜி


கரவனெல்ல
24.06.2006

அன்பு விஜிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை என்று காட்டி உன்னை மடக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எச்.ஐ.வி. இல்லை. ஆனால் உனக்கு இருக்கும் அதே கிருமி எனக்கும் இருக்கிறதாம்.

டொக்டர் மாத்தயா சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சில் பச்சை குத்தியிருந்த உன் பெயரைப் பார்த்ததும் எங்கே குத்தியது என்று சிங்களத்தில் கேட்டார். போன வருடத் திருவிழாவில்தான். நீ என்னை மறந்துவிடுவாயோ என்ற பயத்தில் குத்திக்கொண்டேன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே ஊசி. அதில் வந்திருக்கலாம், பொங்கலுக்கு வந்தபோது என்னிடமிருந்து உனக்குத் தொற்றியிருக்கும் என்கிறார். என்னை மன்னித்துவிடு.

அது இருக்கட்டும், கிளினிக்குக்கு உன்னை யார் கூட்டிப்போகிறார்கள்? புவாட்தானே? அந்த வீட்டில் வேறு ஆள் இல்லையா? ஊருக்கு வரும் நாளைச் சொல், கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். குவைத் ஏர்போர்ட்வரை அவன் வரவேண்டாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் ஸ்ரீதரன்


குவைத்
08.07.2006

ஸ்ரீதரன் அவர்களுக்கு,

இருபத்தெட்டாம் திகதி வந்து இறங்குகிறேன். நீங்கள் கட்டுநாயக்கவுக்கு வரவேண்டாம். ரம்புக்கனையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இனி அங்கேதான் இருப்பேன். நீங்கள் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள், சாராயத்தைத் தொடாதீர்கள்.

கிருமி உங்களிடமிருந்து வந்தது என்பதற்காகப் போகவில்லை. அது நீங்கள் தெரிந்து செய்தது இல்லை. யார் கொடுத்தது, யார் கூட்டிப்போனது, யார் ஏர்போர்ட்டுக்கு வருவது என்று எல்லாம் கேட்டீர்கள். இப்போதாவது சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி கேட்கவில்லை.

புவாட் நானா தினமும் கேட்கிறார்.

விஜயகலா