தராசுச் சின்னமும் பெருநகர் பெட்டியும்

உ

உத்திரமேரூர்
23-5-77

பெருநகரில் இருக்கும் அக்கா தாயாரம்மாளுக்குத் தம்பி கன்னியப்பன் எழுதுவது. இங்கே நான், ராணி, பையன் சின்னராசு மூவரும் சௌக்கியம். அங்கே நீ, மாமா, என் மருமகளாக வரப்போகிற கனகா மூவரும் சௌக்கியம் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். நீதான் கடுதாசி போடமாட்டாயே.

செய்தி உன் காதுக்கு வந்திருக்கும். எம்.எல்.ஏ. எலெக்‌ஷனுக்கு நிற்கிறேன். சுயேச்சை. சின்னம் தராசு. "உனக்கு எதுக்குடா இந்தப் பேஜாரு?" என்று நீ கேட்பது இங்கேவரை கேட்கிறது. சொல்கிறேன். சைக்கிளில் புண்ணாக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவன் இன்று மண்டி வைத்திருக்கிறேன். எல்லாக் கட்சிக்காரனும் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, நன்கொடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவான். போன வருஷம் மண்டிக்கு சீல் வைத்துப் பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்ததே, ஒருத்தன் எட்டிப் பார்த்தானா? இனிமேல் ஒருத்தன் வாசலில் நான் போய் நிற்பதாக இல்லை.

என்னோடு நாலு பேர் நிற்கிறார்கள். மூன்று பேரை நான் சட்டை பண்ணவில்லை. ரைஸ்மில்காரர் ஒருத்தர்தான் யோசிக்கவேண்டிய ஆள். அவர் நிலத்தைத்தான் மாமா குத்தகைக்குப் பயிரிடுகிறார் என்பதை நான் மறக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை பஸ் நிற்கிற இடத்தில் மில்காரர் வாங்கிக் கொடுத்த டீயை மாமா குடித்தார் என்று எனக்குச் சேதி வந்தது. ஒன்று குடித்தால் மரியாதைக்கு என்று விடலாம். இரண்டு குடித்தாராம்.

ஜனங்கள் என் முகத்துக்கு எதிரே தராசு என்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ. தவிட்டு மூட்டையில் மணல் கலந்திருந்தால் கையை விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஓட்டுப் போடுகிறவன் மனசில் எங்கே கையை விடுவது? அதனால் வரும் வெள்ளிக்கிழமை உங்கள் எல்லையம்மன் கோயிலுக்கு வருகிறேன். ஒவ்வொருத்தரும் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, தராசுக்குத்தான் போடுவேன் என்று அம்மன்மேல் சத்தியம் பண்ணவேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் கண் போய்விடும் என்ற பயம் நம் ஜனங்களுக்கு இன்னும் இருக்கிறது. எனக்கு அது போதும்.

நீ முன்னால் வந்து முதலில் அணை. அக்காளே அணைத்தால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள்.

ஆவணியில் சின்னராசு கனகா கல்யாணம். அது எம்.எல்.ஏ. வீட்டுக் கல்யாணமாக நடக்கவேண்டும்.

இப்படிக்கு
கன்னியப்பன்


பெருநகர்
31-5-77

தம்பி கன்னியப்பனுக்கு அக்கா தாயாரம்மாள் ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. ராணிக்கு முழங்கால் வலி தேவலையா? சிவப்பு மாடு கன்று போட்டது. கடாரி. சீம்பால் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நீ வந்துபோனதைப் பற்றி எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நீ தட்டைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாய். விளையாட்டுக்கு என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "ம், அணைக்கா" என்றாய். அத்தனை பேர் பார்க்க அணைத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து இப்போதுதான் உடைந்தது. அதை விடு. பக்கத்து வீட்டு எல்லம்மாள் சும்மா இருந்தாளா? "இன்னாடி தாயாரு, கூடப்பொறந்தவளையே தராசுல ஏத்தி நிறுக்கறான் உன் தம்பி! நம்மள எல்லாம் மூட்டையோட தூக்கி நிறுப்பான் போலகீதே!" என்றாள். கோயிலே சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி நின்றேன்.

இன்னொன்று. நீ வந்துபோன சேதி மில்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்துவிட்டார், உன் தட்டைவிடப் பெரிய தட்டோடு. "கன்னியப்பனுக்கு அணைச்ச கையி எனக்கு அணைக்காதா?" என்று கேட்டார். என்ன சொல்வது? நிலம் அவருடையது. உங்க மாமா அணைத்தார். நானும் அணைத்தேன். மறைக்கவில்லை, நேராக எழுதிவிட்டேன். தெருக்கோடி அம்முலு, "நாங்க வேதக்காரங்கம்மா, எங்களுக்குச் சூடம் இல்ல" என்று நழுவப் பார்த்தாள். பைபிளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். உனக்கும் பைபிளில்தானே கை வைத்தாள்.

ஒரே அம்மன், இரண்டு சத்தியம். ஜனங்கள் குழம்பிக் கிடக்கிறார்கள். "எதுனா ஒரு வழி பண்ணலாம் வுடு" என்கிறாள் எல்லம்மாள். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
தாயாரம்மாள்


உத்திரமேரூர்
4-6-77

அக்காவுக்கு,

கடுதாசி கிடைத்தது. நாலு தரம் படித்தேன். எல்லம்மாள் சொன்ன வழி என்ன வழி? அதை ஏன் எழுதாமல் விட்டாய்? மாமா மில்காரருக்கு அணைக்கும்போது தானாக முன்னால் போனாரா, கூப்பிட்டபிறகு போனாரா? அவருக்கு அணைத்தவர்களில் எனக்கும் அணைத்தவர்கள் யார் யார், பேர் எழுது.

மறைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்கு இடிக்கிறது. என் மண்டிக்குக் கலப்படச் சரக்கு கொண்டுவருகிறவன் எல்லாம் வந்ததும் வராததுமாக, "கொஞ்சம் ஈரம் இருக்குது மொதலாளி" என்று பாதியைத் தானே சொல்லிவிடுவான். மீதியை நான் பார்க்கமாட்டேன் என்று நினைப்பு.

வியாழக்கிழமை மறுபடி வருகிறேன். கடைசியாகப் பண்ணின சத்தியம்தான் செல்லும் என்று உங்கள் பூசாரி வாயால் சொல்ல வைக்கிறேன். எல்லோரும் வரட்டும். மாமாவையும் வரச்சொல். வயலுக்குப் போய்விட்டார் என்ற கதை வேண்டாம்.

கன்னியப்பன்


உத்திரமேரூர்
18-6-77

அக்காவுக்கு,

தோற்றேன். டெபாசிட்டும் போனது. மில்காரரும் தோற்றார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. சட்டை பண்ணாத மூன்று பேர் என்று எழுதினேனே, அதில் ஒருத்தர் மாலை போட்டுக்கொண்டு என் கடை வாசல் வழியாகவே ஜீப்பில் போனார். என்னைப் பார்த்துக் கும்பிட வேறு கும்பிட்டார்.

அது போகட்டும். வியாபாரத்தில் சரக்கு போகாத வருஷமும் உண்டு. என்னைத் தின்பது வேறு. மண்டியில் எடை போடுகிற தானியேல் ஓட்டு எண்ணுகிற இடத்தில் எனக்கு ஏஜெண்டாக இருந்தான். கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்தானாம். உங்கள் ஊர்ப் பெட்டியைக் கொட்டி அடுக்கும்போது தராசில் முத்திரை விழுந்த சீட்டு பதினாறோ பதினேழோதான் என்கிறான். எனக்கு அணைத்தவர்கள் நூற்று நாற்பது பேர். தட்டைப் பிடித்தவன் நான். எனக்குத் தெரியாதா?

யார் யார் என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு முகமாக வருகிறது. கடைசியில் உன் முகம் வந்து நிற்கிறது. போகமாட்டேன் என்கிறது.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். நீ யாருக்குப் போட்டாய்? மாமா யாருக்குப் போட்டார்? அது தெரியாமல் உன் வீட்டில் பெண் எடுக்கமாட்டேன். ஆவணி முகூர்த்தத்தை நிறுத்தி வைத்துவிட்டேன். ராணி அழுகிறாள். சின்னராசு என்னோடு பேசுவதில்லை, தட்டில் சோறு போட்டால் எழுந்துபோகிறான். இருக்கட்டும். பதில் வரட்டும்.

கன்னியப்பன்


பெருநகர்
23-6-77

தம்பிக்கு,

உன் கடுதாசி வந்தபோது நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. கனகாவைப் படிக்கச் சொன்னேன். தன் கல்யாணம் நின்றதை அந்தப் பெண் தன் வாயாலேயே படித்தாள்.

நேராகக் கேட்டாய். நேராகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை வந்து பூசாரியைக் கேட்டாயே, அவர் என்ன சொன்னார்? "அம்மனுக்கு முன்ன பின்ன கெடையாது கன்னியப்பா. சொன்னா சொன்னதுதான்." நீ கோபமாகப் போய்விட்டாய். ஜனங்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு சத்தியமும் நிற்கிறது, எதை மீறினாலும் கண் போகும். கிணற்றடியில் கூடிக் கூடிப் பேசினோம். எல்லம்மாள்தான் சொன்னாள். "இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பயப்படறீங்க? முத்திரை நம்ம கையிலதானே கீது? தராசுல ஒரு குத்து, மில்லுக்காரர் சின்னத்துல ஒரு குத்து. ஆளுக்குப் பாதி ஓட்டு. ரெண்டு சத்தியமும் நின்னுரும், நம்ம கண்ணும் தப்பிச்சிரும்." எங்களுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அம்முலுகூட, "பைபிளுக்கும் அதான் சரி" என்றாள். வரிசையில் நின்று, ஒருத்தர் விடாமல் இரண்டு குத்து குத்திவிட்டு, மனசு லேசாகி வீட்டுக்கு வந்தோம். அப்படித்தான் நானும். உங்க மாமாவும்.

நாலு நாள் கழித்து ஐசக் வாத்தியார் வந்தார். வேறு ஊரில் எலெக்‌ஷன் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நாங்கள் பெருமையாகச் சொன்னோம். தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு குத்தினா அது செல்லாத ஓட்டும்மா. அது யாருக்கும் போகாது. கிழிச்சுப் போட்ட மாதிரிதான்" என்றார்.

ஒருத்தரும் உன்னை ஏமாற்றவில்லை கன்னியப்பா. உனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் அப்படிப் பண்ணினார்கள். நீ வந்து வாசலில் நின்று, "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருந்தால் பாதி ஊர் தராசில் ஒரே குத்தாகக் குத்தியிருக்கும். மாட்டுக்குத் தவிடு இல்லாத காலத்தில் நீ கொடுத்ததை யாரும் மறக்கவில்லை. நீ தட்டைத் தூக்கினாய், அதைப் பார்த்து மில்காரரும் தூக்கினார்.

வலைக்கு வெளியே நின்று பார்த்தவன் சொன்னதை அப்படியே நம்பினாய். என்னை நம்ப உனக்கு நெருப்பு வேண்டியிருந்தது.

கனகா உன் கடுதாசியை மடித்து வைத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, மாமா வூட்டுக்குப் போனா, கொழம்புல உப்பு போட்டேன்னு சொல்றதுக்குக்கூட தட்டுல சூடம் ஏத்தணும் போலகீதே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் மீதி மாவை அவளே ஆட்டி முடித்தாள்.

முகூர்த்தத்தை நிறுத்தியது நீ. மறுபடி வைக்கலாமா என்று நாங்கள் யோசித்துச் சொல்கிறோம்.

தாயாரம்மாள்


உத்திரமேரூர்
29-6-77

அன்புள்ள அக்காவுக்கு,

தானியேலைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். "செல்லாத சீட்டுன்னு தனியா ஒரு பக்கம் போட்டாங்க மொதலாளி. நெறையதான் இருந்துச்சி. செல்லாததை எதுக்குப் பாக்கறதுன்னு நான் பாக்கல" என்கிறான். இத்தனை நாள் ஏன்டா சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கலியே" என்கிறான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்.

தப்பு என்னுடையதுதான். நஷ்டம் யார் கையால் வந்தது என்று தெரிந்துவிட்டால் நான் மழுப்புகிற ஆள் இல்லை. இது என் கையால் வந்தது. உன் கையில் கொப்புளம் வந்ததை எழுதியிருந்தாய், அப்போது அதைப் படித்துவிட்டு மேலே போய்விட்டேன். இப்போது திரும்ப எடுத்துப் படித்தேன். மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நேரில் வந்தும் கேட்கிறேன்.

ஜோசியரைப் பார்த்தேன். ஆவணியிலேயே இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது. ராணி காஞ்சிபுரம் போய்க் கனகாவுக்கு அரக்குப் பட்டு எடுத்து வந்துவிட்டாள். பார்டர் பெரிதாக இருக்கிறது என்று இரண்டு தரம் மாற்றினாள். சின்னராசு இப்போது சாப்பிடுகிறான். நீ சரி என்று ஒரு வரி போட்டால் பத்திரிகை அடித்துவிடலாம். எலெக்‌ஷன் பேச்சு இதோடு முடிந்தது. இனி எடுக்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடு. மண்டியில் உட்கார்ந்தால் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. எல்லம்மாள் கைநாட்டு, அவளுக்குத் தெரியாது, சரி. நீ ஐந்தாவது வரை படித்தவள். இரண்டு குத்தினால் செல்லாது என்பது நிஜமாகவே உனக்குத் தெரியாதா? தெரியாது என்றால் தெரியாது என்று எழுது, நம்புகிறேன். அப்புறம், முத்திரையைக் கையில் வாங்கினதும் நீ முதலில் குத்தியது தராசிலா, மில்காரர் சின்னத்திலா? அதை மட்டும் எழுது. கனகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது. போதும்.

உன் தம்பி
கன்னியப்பன்


பெருநகர்
2-8-77

தம்பி கன்னியப்பனுக்கும் ராணிக்கும் அக்கா ஆசீர்வாதம்.

கனகாவுக்கு மானாம்பதியில் பேசி முடித்திருக்கிறோம். பையன் பெயர் தாமோதரன். பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறான். வசதி உங்கள் அளவுக்கு இல்லை. பெண் பார்க்க வந்தவன், காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்ததைக்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனான். கனகா தலையசைத்துவிட்டாள்.

சின்னராசுமேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. போன மாசம் அவனாகவே பஸ் ஏறி வந்து கனகாவோடு பேசிவிட்டுத்தான் போனான். ராணி எடுத்த பட்டு அவனுக்கு வரப்போகிறவளுக்கு இருக்கட்டும். நல்ல இடமாகப் பாருங்கள்.

கல்யாணம் ஆவணி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். தாய்மாமன் நீ. பெண்ணுக்கு முதல் மாலை உன் கையால்தான் விழவேண்டும். மானாம்பதிக்காரர்களிடம், என் தம்பி வந்து நிற்காமல் பெண்ணை மணையில் உட்காரவைக்கமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். முந்தின நாளே ராணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. பஸ் நிற்கிற இடத்தில் உங்க மாமா காத்திருப்பார்.

நீ கேட்டதற்குப் பதில் இதில் எங்கே என்று தேடுவாய். இல்லை. எழுதமாட்டேன். நேரில் வந்தும் நீ கேட்கக்கூடாது. என்னை மட்டும் இல்லை, உங்க மாமாவை, கனகாவை, எல்லம்மாளை, கனகாவோடு என்ன பேசினான் என்று சின்னராசுவை, யாரையும்.

அப்படிக் கேட்காமல் ஒரு நாள் இருக்க உன்னால் முடியும் என்றால் வா. மாலை கட்டச் சொல்லியாகிவிட்டது.

உன் அக்கா
தாயாரம்மாள்