சுளுக்கு இல்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் இருமல் நின்றதா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுத்து, அப்படியே சரிந்துவிட்டேன். பயப்படாதே, அழுக்குத்துணி மூட்டை மேல்தான் விழுந்தேன். "மாசாமாசம் இதே நாடகமா?" என்று மேற்பார்வையாளர் கத்தினார். மாதாமாதம் அந்த மூன்று நாளில்தான் இழுக்கிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"பீரியட்ஸ் நேரத்துலதான் கால் இழுக்குதா? உங்க அம்மாவுக்கும் இருந்துச்சா?" என்று கேட்டார். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சவ்வு கால் நரம்பருகே வளர்ந்திருக்கலாமாம். ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நீயும் மாதத்தில் மூன்று நாள் காலை இழுத்து நடந்து, "சுளுக்குடி" என்பாயே. மறைக்காமல் எழுதம்மா. இடுப்பை இறுக்காத பழைய பாவாடை இரண்டு அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. ஸ்கேன் படிவத்தில் துணைக்கு வருபவர் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதினேன். வேறு யாரும் தோன்றவில்லை.

உன் மகள்