பதினோரு மணிக் காய்ச்சல்

ஜூலை 7

எழுத உட்கார்ந்ததற்கு என்னை நானே மன்னித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதியதில்லை. "பாடக்குறிப்பா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். முதல் பக்கமே பொய்.

வருகைக் கோப்பை என் மூன்றாம் வகுப்பு அலமாரி மேல் இருக்கிறது. இந்த மாதமும் யாரும் லீவு போடாவிட்டால் நிரந்தரமாக எங்களுக்கே.

ஜூலை 9

இருமல். ஒரு பெஞ்சு ஓய்ந்தால் அடுத்தது எடுத்துக்கொள்கிறது, பின்பாட்டு மாதிரி.

ஜூலை 10

காலையில் பளிச்சென்று வருகிறார்கள். பதினோரு மணி வாக்கில் கண் சொருகி, தலை மேசையில் சாய்கிறது. தொட்டால் நெற்றி கொதிக்கிறது. அதென்ன, எல்லோருக்கும் ஒரே நேரத்தில்?

வாயாடிதான் சொன்னாள். (அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, வாயாடி என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும்.) "காலைல அம்மா இனிப்பு மருந்து குடுப்பாங்க டீச்சர். காய்ச்சல் ஓடிப்போயிரும். அப்புறம் வழி கேட்டுட்டுத் திரும்ப வந்துரும்."

மருந்தின் வேகம் இறங்கும் நேரம் அது. காய்ச்சல் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான். தொற்று ஒளியவில்லை. மூடிய அறை, கைமாறும் பென்சில், ஒரே தண்ணீர்க் குவளை.

தலைமையாசிரியையிடம் ஒன்று கேட்க நினைத்தேன். அறை வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஜூலை 11

ஜன்னல்களைத் திறந்தேன். குவளையை எடுத்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் சோப்பு. தும்மல் வந்தால் முழங்கை மடிப்பில். நாலாம் வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். "சளி ஒழுகாத மூக்கு உண்டாம்மா? நீ என்ன டாக்டருக்கா படிச்ச?"

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். தலையாட்டிவிட்டுச் சோப்பைக் குழாயடியில் வைத்தேன்.

ஜூலை 14

வாயாடி இன்று பேசவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. பெயர் கூப்பிட்டால் கூடவே ஒரு கதை வரும். இன்று "உள்ளேன்" — ஒரு மூச்சு — "டீச்சர்." சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சிழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தது.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நானா அது?

ஆக்ஸிஜன் வைத்தார்கள். வழக்கமான சளி வைரஸ்தானாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடுமாம். இவளுக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. துணிக்கடையிலிருந்து ஓடிவந்த அவள் அம்மா சுவரோரம் நின்று சொன்னாள்: "வீட்ல இருடின்னேன். கப்பு போயிரும், எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்கன்னு அழுதா டீச்சர்."

அந்தக் கோப்பையைத் தினமும் துடைத்து வைக்கிறது யாரு? நான்தானே.

ஜூலை 15

இன்னும் ஆக்ஸிஜன். கோப்பை இனி எங்களுக்கில்லை.

ஜூலை 17

நர்ஸுக்குக் கதை சொல்கிறாளாம். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடுங்க டாக்டர் என்று நர்ஸே கெஞ்சுகிறாராம்.

ஜூலை 18

பெஞ்சுகளில் அங்கங்கே இடம் காலி. பெற்றோர்களே பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். பதினோரு மணிக்கு ஒரு தலையும் சாயவில்லை.

கோப்பையை எடுத்துப்போய்த் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தேன். அடுத்த மாதம் எந்த வகுப்புக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார். அன்று கேட்காமல் வாசலிலேயே விட்டுவந்ததைச் சொன்னேன்.

"யாருக்கு வேணா குடுங்க மேடம். மருந்து குடுக்காமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாம இருக்கிறவரைக்கும் பிள்ளை வீட்லயே இருக்கட்டும். அந்த நாளையும் வந்த நாளா எழுதிக்குங்க."